சாமி படத்துக்குப் பின்னால் செருகிய கடிதம்

மாலை நேரம். குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை முடிந்து வந்த தாய் முகம் கழுவிவிட்டு விளக்கேற்றுகிறாள். வாசலில் தபால்காரர் வைத்துவிட்டுப் போன உறை கிடக்கிறது. மேலே மலாயில் எழுத்து. உள்ளே கண்ணாடித்தாள் வழியாக மகன் பெயர் தெரிகிறது.

"என்னக்கா, பேங்கிலிருந்து மறுபடியும் வந்திருக்கா?" என்று கேட்கிறாள் பக்கத்து வீட்டுப் பெண்.

"தம்பி பேருக்குத்தான் வந்திருக்கு. அவன் ஜொகூர் பாருவிலே இருக்கான். தீபாவளிக்கு வரும்போது கொடுத்துக்கலாம்."

உறை பிரிக்கப்படாமலே சாமி படத்துக்குப் பின்னால் போய்ச் சேருகிறது. அங்கே ஏற்கெனவே நான்கைந்து உறைகள் இருக்கின்றன.

இந்தத் தாயும் மகனும் நாம் கற்பனையாகச் சொன்னவர்கள். ஆனால் இந்தக் காட்சியைக் காணாத தோட்டமோ, தாமானோ நம் ஜொகூரில் உண்டா என்பதை வாசகர்களே நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். அந்த உறைகளில் இருப்பது என்ன, பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் இங்கே பேசப் போகிறோம். கடன் அட்டையில் பாக்கி விழுந்தவனைக் கெடுப்பது பெரும்பாலும் கடன் மட்டும் அல்ல. பயந்துகொண்டு பேசாமல் இருப்பதும்தான்.

கடைப் பற்றும் கடன் அட்டையும்

கடன் நமக்குப் புதிதா? தோட்டத்துக் கடையில் பற்றெழுதி அரிசி, பருப்பு வாங்கி, சம்பளத்தன்று அடைத்தவர்கள்தானே நம் பெற்றோர்! அதற்கும் முன்னே, கங்காணி கொடுத்த முன்பணத்தைக் கழுத்தில் சுமந்துகொண்டு கப்பலேறியவர்களும் நம் இனத்தில் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கடனைக் கட்டும் தோட்டத்துக்கு ஆள் மாறுவான். மனிதனே கடனோடு சேர்த்துக் கைமாறிய அந்த வழக்கத்தை 1921-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது.

இன்று கங்காணியும் இல்லை, துண்டும் இல்லை. ஆனால் பையில் ஓர் அட்டை இருக்கிறது. கடைக்காரருக்காவது நம் முகம் தெரியும். "இந்த மாதம் மழை, வேலை குறைவு" என்றால் தலையை ஆட்டுவார். அட்டைக்கு முகம் கிடையாது. தேதி தவறினால் கணக்குத் தானே ஓடும்.

கணக்கு எப்படி ஓடுகிறது?

பேங்க் நெகாரா மலேசியாவின் விதிப்படி, 21 வயது நிரம்பி, ஆண்டுக்குக் குறைந்தது 24,000 வெள்ளி வருமானம் உள்ளவருக்குத்தான் கடன் அட்டை கிடைக்கும். ஆண்டு வருமானம் 36,000 வெள்ளியைத் தாண்டாதவர் இரண்டு நிறுவனங்களின் அட்டைகளை மட்டுமே வைத்திருக்கலாம். ஒவ்வொன்றிலும் கடன் வரம்பு மாத வருமானத்தின் இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் சம்பாதிப்பவருக்கு இந்த வேலி இல்லை. சிங்கப்பூருக்குப் போய் அந்த நாட்டு வெள்ளியில் சம்பளம் வாங்கும் நம் பிள்ளைகள் பலர் இந்த வேலிக்கு வெளியே நிற்பவர்கள்.

மாதாமாதம் முழுத் தொகையையும் தேதிக்குள் கட்டிவிட்டால் வாங்கிய பொருளுக்கு வட்டி இல்லை. ஆனால் கணக்குச் சீட்டில் 'குறைந்தபட்சக் கட்டணம்' என்று ஒரு சிறிய தொகையும் போட்டிருப்பார்கள். பாக்கியில் நூற்றுக்கு ஐந்து. பெரும்பாலும் 50 வெள்ளிக்குக் குறையாது. "இதைக் கட்டினால் போதும்" என்று நினைப்பதில்தான் வில்லங்கம் தொடங்குகிறது. ஒழுங்காகக் கட்டி வருபவருக்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு 15. அடிக்கடி தவறுபவருக்கு 18 வரை ஏறும்.

5,000 வெள்ளி பாக்கி என்று வைத்துக்கொள்வோம். 18 விழுக்காட்டில் ஒரு மாத வட்டி 75 வெள்ளி. நீங்கள் கட்டும் குறைந்தபட்சத் தொகை சுமார் 250 வெள்ளி. அதில் 75 வட்டிக்குப் போய்விடும். அட்டையை மீண்டும் தொடாமல், மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் கடன் தீர ஐந்தரை ஆண்டுக்கு மேலாகும். வட்டி மட்டும் ஏறக்குறைய 1,900 வெள்ளி! அதையும் கட்டத் தவறினால் தாமதக் கட்டணம் வேறு சேரும்: பாக்கியில் நூற்றுக்கு ஒன்று, அல்லது 10 வெள்ளி, இவற்றில் எது அதிகமோ அது. உச்சவரம்பு 100 வெள்ளி.

அட்டையைப் போட்டு இயந்திரத்தில் ரொக்கம் எடுப்பது இன்னும் மோசம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்; எடுப்பதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

பாக்கி விழுந்தால் முதலில் நடப்பது

முதலில் தொலைபேசி வரும், பிறகு கடிதம் வரும். பாக்கி விழுந்த செய்தி பேங்க் நெகாராவின் கடன் பதிவான சி.சி.ஆர்.ஐ.எஸ். கணக்கில் ஏறும். நாளைக்கு வீட்டுக் கடனுக்கோ மோட்டார் சைக்கிள் கடனுக்கோ மனுப் போட்டால், எந்த வங்கியும் முதலில் அதைத்தான் புரட்டிப் பார்க்கும்.

அதே வங்கியில் சேமிப்புக் கணக்கு இருந்தால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, அந்தக் கணக்கிலுள்ள பணத்தை அட்டைப் பாக்கிக்கு வங்கி ஈடு செய்துகொள்ளலாம். அட்டை ஒப்பந்தத்திலேயே இதற்கு இடம் வைத்திருப்பார்கள். சம்பளம் விழுகிற கணக்கும் அட்டையும் ஒரே வங்கியில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

பிறகு கடன் வசூலிப்பவர்கள் வருவார்கள். "போலீஸ் வரும், ஜெயிலுக்குப் போவாய்" என்று யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள். கடனைக் கட்ட முடியாமல் போவது இந்த நாட்டில் குற்றவியல் குற்றம் அல்ல. வீட்டுச் சாமானைத் தூக்க வசூல்காரருக்கு அதிகாரம் கிடையாது. நீதிமன்றத்தின் உத்தரவோடு வரும் பெய்லிஃப் ஒருவருக்குத்தான் அந்த உரிமை உண்டு.

நீதிமன்றக் கடிதம் வந்துவிட்டால்?

இதுதான் முக்கியமான இடம். வங்கியின் வழக்கறிஞரிடமிருந்து 'நோட்டீஸ்' வந்து, அதற்கும் பதில் இல்லையென்றால் வழக்குப் போடுவார்கள். 100,000 வெள்ளி வரையிலான வழக்குகளை மஜிஸ்திரேட் நீதிமன்றமே விசாரிக்கும். அதற்கு மேல் பத்து லட்சம் வெள்ளி வரை செஷன்ஸ் நீதிமன்றம்.

வழக்குத் தாளான 'ரிட்' கையில் கிடைத்ததிலிருந்து 14 நாட்களுக்குள், "நான் இருக்கிறேன், வழக்கைச் சந்திக்கிறேன்" என்று நீதிமன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் என்ன ஆகும்? எதிராளி இல்லாமலே தீர்ப்பாகிவிடும். வங்கி சொன்ன தொகைதான் தொகை. "இவ்வளவு இல்லை, நான் கட்டிய ரசீது இருக்கிறது" என்று சொல்ல வேண்டிய வாயைத் தானே கட்டிக்கொண்டதாக ஆகிவிடும்.

இப்போது அந்தச் சாமி படத்துக்கு வருவோம். வழக்குத் தாளை நேரில்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பவும் நீதிமன்ற விதி இடம் தருகிறது. ஆள் அகப்படவில்லை என்றால், நீதிமன்ற அனுமதியோடு கதவில் ஒட்டலாம், பத்திரிகையில் விளம்பரம் செய்யலாம். மகன் மாசாயிலோ பாசிர் கூடாங்கிலோ வாடகை வீட்டில் இருக்கிறான். அவனுடைய அடையாள அட்டையிலும் வங்கியிலும் இருப்பதோ பழைய தோட்டத்து முகவரி! சில இடங்களில் தோட்டமே விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் தாமான் எழும்பிவிட்டது. கடிதம் யாருக்குப் போகும்? தனக்கு எதிராகத் தீர்ப்பு ஆனதே தெரியாமல் ஒருவன் வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பான்.

முகவரி மாறினால் 30 நாட்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வங்கிக்கும் தெரிவியுங்கள். இந்தச் சிறிய காரியம் பெரிய இடிகளைத் தடுக்கும்.

தெரியாமல் தீர்ப்பாகிவிட்டதா? அப்போதும் ஒரு கதவு திறந்திருக்கிறது. தீர்ப்பு கைக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள், தகுந்த காரணம் காட்டி அதை நீக்கும்படி மனுச் செய்யலாம். அதற்குள் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றால் கதவு சாத்திவிடும்.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்புக் கிடைத்த வங்கிக்குப் பல வழிகள் உண்டு. பொருளைக் கைப்பற்றி ஏலம் விடலாம். வேறு வங்கியில் உங்களுக்குள்ள பணத்தை முடக்கி வாங்கலாம். கடனாளியை நீதிமன்றத்துக்கு அழைத்து, "உன் வருமானம் எவ்வளவு? மாதம் எவ்வளவு கட்டுவாய்?" என்று விசாரிக்கச் சொல்லலாம். இந்தக் கடைசி அழைப்பைக் கண்டு பலர் பயந்து ஓடுகிறார்கள். உண்மையில், குடும்ப நிலையைச் சொல்லித் தவணை கேட்பதற்கு நல்ல இடமே அதுதான். சம்பளச் சீட்டு, வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். நீதிமன்றம் அழைத்தும் போகாமல் இருந்தால் கைது ஆணை வரலாம். கடனுக்காக அல்ல, உத்தரவை மதிக்காததற்காக!

"ஆறு வருஷம் தலைமறைவாக இருந்தால் கடன் செத்துப்போகும்" என்று சிலர் சொல்கிறார்கள். 1953-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் வழக்குப் போட ஆறு ஆண்டு வரம்பு வைத்திருப்பது உண்மைதான். ஆனால் இடையில் ஒரு தொகை கட்டினாலோ, கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாலோ அந்த ஆறு ஆண்டு புதிதாகத் தொடங்கும். தீர்ப்பு வாங்கிவிட்டாலோ அதற்குப் பன்னிரண்டு ஆண்டு உயிர். ஒளிந்து வாழ்வதை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?

பாலத்தை மூடும் சொல்

'திவால்' என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்குகிறோம். அதன் உண்மை நிலவரத்தையும் தெரிந்துகொள்வோம். 1967-ஆம் ஆண்டுத் திவால் சட்டம் 2017 அக்டோபரில் திருத்தப்பட்டு, பெயரும் மாறியது. அதுவரை 30,000 வெள்ளிக் கடனுக்கே ஒருவரைத் திவாலாக்க முடிந்தது. அப்போது 50,000 ஆக்கினார்கள். கோவிட் நோய்க் காலத்தில், 2020-இல், தற்காலிகமாக 100,000 வெள்ளியாக உயர்த்தி, 2021 செப்டம்பர் 1 முதல் அதையே நிலையாக்கினார்கள்.

ஆகவே, ஓர் அட்டையில் 5,000 வெள்ளி பாக்கி வைத்தவரைத் திவாலாக்க முடியாது. பயப்பட வேண்டாம். ஆனால் மூன்று நான்கு அட்டைகள், தனிநபர் கடன், வங்கி இழுத்துக்கொண்டு போய் ஏலம் விட்ட காருக்கு விழுந்த துண்டுத் தொகை என்று சேர்ந்துகொண்டே போனால்? கடன் கொடுத்தவர்கள் ஒன்று சேர்ந்தும் மனுப் போடலாம். திவால் அறிவிப்புக் கையில் கிடைத்தால், அதற்கு இணங்க இருக்கும் அவகாசம் ஏழே நாட்கள்.

திவாலானவருடைய சொத்து திவால் துறைத் தலைமை இயக்குநரின் பொறுப்புக்குப் போகும். கம்பெனி இயக்குநராக இருக்க முடியாது. தான் திவாலானவர் என்பதைச் சொல்லாமல் 1,000 வெள்ளிக்கு மேல் கடன் வாங்கினால் அதுவே குற்றம். எல்லாவற்றிலும் ஜொகூர்க்காரர்களுக்குப் பெரிய அடி இன்னொன்று: அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது!

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலத்தையோ, துவாஸ் இரண்டாம் பாலத்தையோ கடந்து சோறு தேடும் நம் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் என்பது உல்லாசமல்ல, அன்றாட வேலை. பாலத்தில் தடுக்கப்பட்டால் வேலை போகும். வேலை போனால் எதைக் கொண்டு கடனை அடைப்பது? பிழைப்புக்காகப் போக வேண்டும் என்று மனுச் செய்து அனுமதி கேட்க வழி உண்டு. ஆனால் பாலத்தில் போய் நின்ற பிறகு அல்ல, அதற்கு முன்பே கேட்க வேண்டும்.

திவால் என்பது ஆயுள் தண்டனையும் அல்ல. திருத்தப்பட்ட சட்டத்தின்படி, தன் வரவு செலவு விவரங்களை ஒழுங்காகச் சமர்ப்பித்து, நிர்ணயித்த தொகையைக் கட்டி வருபவர் மூன்று ஆண்டுகளில் விடுதலை பெற வழி இருக்கிறது. ஒளிந்துகொள்பவருக்கு அந்தக் கணக்கே தொடங்காது.

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

"மகன் கடனுக்கு எங்கள் வீட்டை எடுப்பார்களா?" எடுக்க முடியாது. அட்டை யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. பெற்றவர்கள் என்பதற்காகக் கடன் உங்கள் தலையில் ஏறாது. நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் வேறு. அதனால் புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், அது சொந்தப் பிள்ளை நீட்டினாலும் சரியே. "அப்பா பெயரில் கொஞ்சம் கட்டுங்கள், பிறகு பார்க்கலாம்" என்று வசூல்காரர் சொன்னாலும், மகனிடம் கேட்காமல் எழுதிக் கொடுக்காதீர்கள்.

"ஊழியர் சேமநிதிப் பணம் போய்விடுமா?" நிதியில் இருக்கும் வரை அதைக் கடன்காரர்கள் தொட முடியாது, திவாலானாலும் முடியாது. சட்டமே அதற்குக் காவல். ஆனால் எடுத்து வங்கியில் போட்ட பிறகு அந்தக் காவல் கிடையாது.

"மருமகளிடம் அதே கணக்கில் இன்னோர் அட்டை இருக்கிறதே?" அந்தத் துணை அட்டையில் வாங்கியதும் முதல் அட்டைக்காரர் கணக்கில்தான் வந்து விழும். யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது நல்லது.

வழி உண்டு

முதல் வழி, வங்கிக்குப் போய் நிலைமையைச் சொல்வது. இரண்டு மாதம் தவறியவன் பேசினால் கிடைக்கும் மரியாதை, இரண்டு வருடம் ஒளிந்தவனுக்குக் கிடைக்காது.

இரண்டாவது, ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனம். பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கியது. ஜொகூர் பாருவிலும் அலுவலகம் இருக்கிறது. ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. எல்லா வங்கிக் கடன்களையும் ஒன்றாகப் பார்த்து, உங்கள் வருமானத்தில் சாப்பாடு, வாடகை போக எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்கிட்டு, வங்கிகளோடு பேசித் தவணை அமைத்துக் கொடுக்கிறார்கள். அட்டைகளை விட்டுவிட வேண்டியிருக்கும். விடட்டுமே! ஆனால் திவாலான பிறகு போனால் இந்த ஏற்பாடு கிடைக்காது. அதற்கு முன்பே போக வேண்டும். "பணம் கொடு, உன் பெயரைச் சுத்தமாக்கித் தருகிறேன்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

வழக்கு வந்துவிட்டால், வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவிலும், ஜொகூர் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலும் போய் விசாரிக்கலாம். மலாயில் வந்த கடிதம் புரியவில்லையா? தோட்டத்துப் பள்ளி ஆசிரியரிடமோ, தொழிற்சங்கக் காரியாலயத்திலோ, நன்றாகப் படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ காட்டுங்கள். இதில் வெட்கம் எதற்கு?

செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு: அட்டைக் கடனை அடைக்க வட்டி முதலையிடம் போவது. 1951-ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டப்படி, லைசென்ஸ் உள்ளவர் ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. கம்பத்தில் ஒட்டிய காகிதத்தில் தொலைபேசி எண் போட்டிருக்கும் 'ஆலோங்' இந்தச் சட்டத்தையெல்லாம் பார்க்கிறவனா? வங்கி நீதிமன்றத்துக்குப் போகும். அவன் நேராக வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றுவான். மழைக்குப் பயந்து ஆற்றில் குதித்த கதைதான்.

அன்புத் தாய்மார்களே, இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். அந்தச் சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டு, உறைகளை எல்லாம் எடுங்கள். தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம். மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, உன் பேருக்கு ஆறு கடிதம் வந்திருக்கு. இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் படி. நாங்க திட்ட மாட்டோம்" என்று சொல்லுங்கள்.

அந்தக் கடைசிச் சொல்தான் முக்கியம். நம் பிள்ளைகள் பலர் கடனைவிட வீட்டில் சொல்வதற்குத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள். சாமி விளக்கின் வெளிச்சம் கும்பிடுவதற்கு மட்டுமா? அதில் ஒரு கடிதத்தையும் படிக்கலாம்.